அரைக்கட்டை கீழே

ரீகா நகரத்தின் ஐந்தாம் எண் டிராமில்
நிறுத்தங்களின் பெயர் சொல்வது நான்தான்.
ஒரு மதியத்துக்கான கூலி தந்தார்கள்.
குரல் எட்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒலிப்பதிவு அறையில் கண்ணாடிக்கு அப்பாலிருந்த பெண்
"இயல்பாகப் பேசுங்கள்" என்றாள்.
அரைக்கட்டை இறக்கிக்கொண்டேன்.
பதினோரு வயதிலிருந்து
இயல்புக்கு எனக்கு அதுதான் பொருள்.
உடற்பயிற்சி ஆசிரியர்
என் வாக்கியம் ஒன்றை என்னைப் போலவே இழுத்து,
மணிக்கட்டை ஒடித்து,
வரிசை முழுவதற்கும் சொல்லிக்காட்டிய நாளிலிருந்து.
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
நானும் சிரித்ததைத்தான்
எங்கே வைப்பதென்று இன்னும் தெரியவில்லை.

பிறகு காவல்.
மணிக்கட்டுக்கு ஓர் ஆள், இடுப்புக்கு ஓர் ஆள்,
கால்மேல் கால் போடும்போது ஓர் ஆள்,
சிரிப்பு முடிகிற இடத்தில் இரண்டு பேர்.
யாரும் நியமிக்காத வேலை.
இரவிலும் ஆள் மாற்றுவதில்லை.

வால்திஸ் கொதிகலன் பழுதுபார்ப்பவன்.
ஆறு வருடமாக ஒரே வீடு, ஒரே போர்வை.
தூக்கத்தில் நீ பேசும் குரல் நன்றாயிருக்கிறது என்கிறான்.
அது எப்படியிருக்கும் என்று கேட்டால்
"உன்னுடையது மாதிரி" என்று
ரொட்டிக்கு வெண்ணெய் தடவப் போய்விடுகிறான்.
தெருவில் அவன் கையை நான் பிடித்ததில்லை.
குளிர், பையிலேயே இருக்கட்டும் என்பேன்.
ஜூலையிலும் ஏதாவது சொல்வேன்.

பிப்ரவரியில் ஒரு மாலை
பாலத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் ஒரு பையன் ஏறினான்.
எலுமிச்சை நிறச் சால்வை.
போனில் யாரிடமோ, கேக் சரிந்து விழுந்த கதை.
கை பறக்கிறது, குரல் பறக்கிறது,
ஒவ்வொரு வாக்கியமும் முடிய மனமில்லாமல் நீள்கிறது.
எதிரிலிருந்த கிழவர் நாளிதழை மடிக்கவில்லை.
குழந்தையோடு வந்தவள் கேக்குக்குச் சிரித்தாள்.
என் வயிற்றில்தான் ஏதோ புரண்டது.
கொஞ்சம் அடக்கிக்கொண்டால் என்னவாம்,
என்றான் எனக்குள் ஒருவன்.
அவனை எனக்குத் தெரியும்.
கழுத்தில் விசில் தொங்கும்.

அந்த நேரம் பார்த்துக் கூரையிலிருந்து நான்
"அடுத்த நிறுத்தம், மீன் சந்தை" என்றேன்.
பையன் போனை வைக்காமலே
நெஞ்சைப் புடைத்து, அடித்தொண்டையில்
அதை அப்படியே திருப்பிச் சொன்னான்.
"கேட்டாயா? பாவம்,
இந்த மனிதன் மூச்சே விடுவதில்லை."

மீன் சந்தையில் இறங்கினேன்.
எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.
ஐஸில் கிடந்த கெளுத்தி மீன்களின் முன்னால் நின்று
சிரிப்பு வந்தது. எத்தனை நேரம் என்று தெரியாது.
மீன்காரி ஒரு துண்டுக் காகிதம் தந்தாள்,
முகம் துடைக்க.

டாக்டர் ஸ்கைத்ரீத்தேயின் படிவத்தில் ஒரு கேள்வி:
தூக்கமின்மை எப்போது தொடங்கியது?
போன முறை "நவம்பர்" என்று எழுதியிருந்தேன்.
மாத்திரைகளைக் குறை சொல்வதற்கில்லை;
பாலத்தில் போகும்போது
தண்ணீரைப் பார்க்காமல் இருக்க முடிகிறது.
இந்த முறை நவம்பரை அடித்துவிட்டு
"பதினோரு வயது" என்று எழுதினேன்.
அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"வெட்கம் என்றதும் யார் முகம் வருகிறது?"
ஆசிரியர் முகம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
மூன்றாவது வரிசையில்
சிரித்துக்கொண்டிருக்கும் என் முகம், என்றேன்.

சென்ற வாரம் மறுபடி அழைத்தார்கள்.
ஒரு நிறுத்தத்துக்குப் பெயர் மாறியிருக்கிறது,
ஒரே ஒரு வரி.
"பழையதோடு ஒட்ட வேண்டும்" என்றாள் புதிதாக வந்தவள்.
ஏழு முறை சொன்னேன்.
ஐந்து முறை இறக்கி.
ஒரு முறை இருமல்.
ஒரு முறை, எப்படிச் சொன்னேன் என்று
எனக்கே நிச்சயமில்லை. காது சுட்டது.
அவள் தலை நிமிரவில்லை, ஏதோ குறித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வால்திஸ்
ஒரு காரியமும் இல்லாமல்
ஐந்தாம் எண்ணில் முனைக்கு முனை போய்வந்தான்.
பூட்ஸில் பனியோடு வந்து நிற்கிறான்.
எதை வைத்திருக்கிறார்கள் என்று
சொல்ல மாட்டேன் என்கிறான்.
"நீயே ஏறிக் கேள், இல்மார்.
டிக்கெட் நான் எடுக்கிறேன்."